இறால் தொட்டியில் வேண்டாத உயிர்கள்: எதற்கு அஞ்சுவது, எதை விட்டுவிடுவது

சென்னைக் கொளத்தூரின் கலர் மீன் கடைகளில் கப்பி, மோலி போன்ற மீன்களோடு சிவப்பு செர்ரி இறாலையும் இப்போது எளிதாக வாங்கலாம். நியோகாரிடினா என்னும் பேரினத்தைச் சேர்ந்த இந்த நன்னீர் இறால் ஓர் அங்குலத்துக்கு மேல் அரிதாகவே வளரும். செடிகள் அடர்ந்த 30 அல்லது 40 லிட்டர் தொட்டியில் பத்துப் பதினைந்து இறால்களை விட்டுவைத்தால், தண்ணீர் ஒத்துக்கொள்ளும் பட்சத்தில், சில மாதங்களில் அவை தாமாகவே பெருகிவிடும். அதே தொட்டியில் நாம் காசு கொடுத்து வாங்காத வேறு உயிர்களும் கூடவே பெருகுவதுதான் புதிதாக வளர்ப்போரைக் கலங்க வைக்கிறது. கண்ணாடியில் ஒட்டியபடி நகரும் வெள்ளைக் கோடு, இலையின் அடியில் மெல்லிய கைகளை விரித்துத் தொங்கும் பச்சைத் தண்டு, நீரில் துள்ளித் துள்ளிப் போகும் புள்ளிகள், மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும் நூல் புழு என ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியதும், பலர் செய்யும் முதல் வேலை கடைக்குப் போய்ப் பூச்சி மருந்து கேட்பதுதான். ஓர் இரவில் தொட்டி முழுவதும் இறால் செத்துக் கிடந்தால், அதற்குப் புழுக்களைவிட அந்த மருந்தே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த உயிர்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு விடை எளிது: செடியோடு வருகின்றன. சென்னைக் கடைகளுக்கு வரும் தொட்டிச் செடிகள் பலவும் திறந்த வெளித் தொட்டிகளிலும் சிமெண்டுக் குழிகளிலும் வளர்பவை. அவற்றின் வேரிலும் இலைக்கணுவிலும் நத்தை முட்டையும் புழுவின் கூடும் ஒட்டியிருப்பது இயல்பு. கடைக்காரர் இறாலைப் போட்டுத் தரும் கவர் தண்ணீரிலும் சில வந்து சேரும். தட்டானுக்கு மட்டும் இன்னொரு வழியும் உண்டு. மொட்டை மாடியிலோ பால்கனியிலோ மூடாமல் வைத்த தொட்டிக்கு அது தானே பறந்து வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும்.

உறவு நெருங்க நெருங்க மருந்து உதவாது

எந்த உயிருக்கு மருந்து உண்டு, எதற்குக் கிடையாது என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அந்த உயிர் இறாலுக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்று பார்த்தாலே போதும். இறால், பள்ளிப் பாடத்தில் நாம் படித்த கணுக்காலிகள் என்னும் பெரும் தொகுதியைச் சேர்ந்தது. பூச்சிகளும் நண்டும் தட்டானின் குஞ்சும், நீரில் துள்ளும் அந்தச் சிறு புள்ளிகளும் அதே தொகுதியினதான். ஆகவே பூச்சியைக் கொல்லும் நஞ்சுகளில் பெரும்பாலானவை இறாலையும் கொல்லும். ஒன்றை மட்டும் கொன்று மற்றதை விட்டுவைக்கும் மருந்து கிடைப்பது அரிது. கண்ணாடியில் நகரும் அந்த வெள்ளைக் கோடான தட்டைப்புழுவும், இலையின் அடியில் தொங்கும் அந்தப் பச்சைத் தண்டான ஹைட்ராவும் அப்படியல்ல. முன்னது தட்டைப்புழுக்கள் என்னும் தனித் தொகுதி. பின்னது ஜெல்லி மீனும் பவளமும் அடங்கிய குழியுடலிகள் தொகுதி. இவை இறாலிலிருந்து வெகு தொலைவில் நிற்பதால், இறாலுக்குத் தீங்கின்றி இவற்றைக் கொல்லும் மருந்துகள் கிடைத்திருக்கின்றன. நத்தையை ஒரே கணக்கில் அடக்க முடியாது: தட்டைப்புழுவுக்கான மருந்தில் சில நத்தை வகைகள் சாகும், சில பிழைக்கும்.

செம்பு கலந்த மருந்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். மீனின் உடலில் வரும் வெள்ளைப் புள்ளி நோய்க்கும் நத்தையை ஒழிப்பதற்கும் விற்கப்படும் மருந்துகள் சிலவற்றில் செம்பு உப்பு இருக்கிறது. நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை இறாலின் இரத்தத்தில் செம்பு செய்கிறது. அதனால் அதற்கு அணுவளவு செம்பு தேவைதான். அந்த அளவைச் சிறிது தாண்டினாலும் அதுவே நஞ்சாகிவிடும். செடி உரத்தில் உள்ள நுண்ணளவு செம்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மருந்துப் புட்டியின் சீட்டில் செம்பு என்றோ காப்பர் சல்பேட் என்றோ இருந்தால் அது இறால் தொட்டிக்கு ஆகாது. சீட்டே இல்லாத புட்டியை வாங்கவே வேண்டாம்.

பிளானேரியா

இறால் வளர்ப்போர் அஞ்ச வேண்டியவற்றில் முதலாவது பிளானேரியா என்னும் தட்டைப்புழு. வெள்ளை, இளஞ்சிவப்பு, பழுப்பு என நிறம் மாறுபடும்; சில மில்லிமீட்டரிலிருந்து 2 சென்டிமீட்டர் வரை நீளும். பகலில் மண்ணிலும் கற்களுக்கு அடியிலும் பதுங்கியிருந்து, விளக்கணைத்த பிறகு வெளியே வரும். ஆகவே பகலில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இரவில் விளக்கை அணைத்து ஓரிரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்.

அடையாளம் காண மூன்று குறிகளை வைத்துக்கொள்ளலாம். தலை முக்கோணமாக, அம்பு நுனி வடிவில் இருக்கும். தலையின் மேல் இரண்டு கண் புள்ளிகள் தெரியும். அவை மாறுகண் போலத் தோன்றுவதால் ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். மூன்றாவது, அதன் நடை: நெளியாமல், துள்ளாமல், கண்ணாடியின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். ஒரு கைப்பேசிக் கேமராவைக் கண்ணாடிக்கு அருகே வைத்துப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் இம்மூன்றும் தெளிவாகத் தெரியும். தலை மழுங்கலாக, 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேல் வளராத வெள்ளைப் புழுவாக இருந்தால் அது ரேப்டோசீல் என்னும் வேறு வகைத் தட்டைப்புழு. இறாலை அது ஒன்றும் செய்யாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மருந்து ஊற்றுவோர் ஏராளம்.

பிளானேரியா நல்ல திடமான இறாலைப் பிடிப்பது கடினம். தோலுரித்த நாளில் உடல் மென்மையாகிக் கிடக்கும் இறாலையும், நோயுற்றதையும், 2 மில்லிமீட்டர் அளவில் பிறக்கும் குஞ்சுகளையும் அது பிடித்துத் தின்னும். தொட்டியில் முட்டை சுமக்கும் பெண் இறால்கள் இருந்தும் குஞ்சுகளே கண்ணில் படவில்லை என்றால் இரவில் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. அதைக் கண்டதும் நசுக்கக் கூடாது. வெட்டுப்பட்ட துண்டுகளிலிருந்து முழுப் புழுவாக மீண்டும் வளரும் திறன் அதற்கு உண்டு. கண்ணாடியில் தேய்த்து நசுக்கினால் எண்ணிக்கை கூடுவதற்கே வழி.

சில புழுக்கள் மட்டும் தென்பட்டால் பொறி வைத்துப் பிடித்துவிடலாம். மூடியுள்ள சிறிய கண்ணாடி மருந்துப் புட்டி ஒன்றை நன்றாகக் கழுவி, மூடியில் சூடான ஊசியால் ஒரு மில்லிமீட்டருக்கு மிகாத துளைகள் போட்டு, உள்ளே பச்சை இறால் சதையில் மிளகளவு துண்டை வைத்துத் தொட்டித் தண்ணீரால் நிரப்பி, இரவில் விளக்கணைத்த பின் மண்ணின் மேல் படுக்கை வாக்கில் வைக்க வேண்டும். காசிமேட்டிலிருந்து வீட்டுக்கு வாங்கும் இறாலில் நகத்தளவு எடுத்து வைத்தாலே பல நாள் இரைக்குப் போதும். துளை சற்றுப் பெரிதானாலும் இறால் குஞ்சு உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். காலையில் விளக்குப் போடுவதற்கு முன்பே புட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வயிறு நிறைந்த புழுக்கள் வந்த வழியே திரும்பிப் போய்விடும். பொறியால் எண்ணிக்கை குறையும், முற்றிலும் ஒழியாது. இரவுதோறும் பத்து இருபது புழுக்கள் அகப்பட்டுக்கொண்டே இருந்தால் மருந்துக்குப் போகலாம்.

நாய்களுக்கும் கால்நடைகளுக்கும் குடற்புழு நீக்கப் பயன்படும் ஃபென்பென்டசோல் என்பதே அந்த மருந்து. கால்நடை மருந்துக் கடைகளில் 150 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கும். இறால் வளர்ப்போரிடையே பரவலாகப் புழங்கும் அளவு, ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 0.6 மில்லிகிராம். மாத்திரையைப் பொடித்து ஒரு காகிதத்தில் பரப்பி ஆறு சம பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 25 மில்லிகிராம் வரும். அது 40 லிட்டர் நீருக்குச் சரியாக இருக்கும். மண்ணும் கல்லும் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்துவிட்டு, தொட்டியில் உண்மையில் இருக்கும் நீரின் அளவை வைத்தே கணக்கிட வேண்டும். இந்தப் பொடி தண்ணீரில் எளிதில் கரையாது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் போட்டு மூடிக் குலுக்கி, பால் போல் கலங்கியதும் தொட்டி முழுவதும் பரவலாக ஊற்ற வேண்டும். மூன்று நாள் கழித்துக் கால் பங்கு நீரை மாற்றிவிடலாம். புழுவின் முட்டைக்கூடுகள் மருந்துக்குத் தப்பிவிடுவதால், பத்துப் பன்னிரண்டு நாளில் அதே அளவை மறுமுறை போடுவது வழக்கம்.

இதில் எச்சரிக்கைகள் மூன்று உண்டு. கடைகளில் கிடைக்கும் நாய் மாத்திரைகள் பலவற்றில் ஃபென்பென்டசோலோடு வேறு மருந்துகளும் கலந்திருக்கும். அது மட்டுமே உள்ள மாத்திரையைக் கேட்டு, அட்டையைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். அதே அலமாரியில் இருக்கும் ஐவர்மெக்டின் இறாலுக்கு எமன். பெயர் மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக, நெரைட் நத்தையும் மண்ணில் வாழும் கூம்பு நத்தையும் இந்த மருந்தில் செத்துப்போகும். மருந்து மண்ணில் தங்கிவிடுவதால் மாதக்கணக்கில் புதிய நெரைட் நத்தையை அந்தத் தொட்டியில் விட முடியாது. வேண்டியவற்றை முன்னதாகவே வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். மூன்றாவது, செத்த புழுக்கள் மண்ணுக்குள் அழுகும்போது அமோனியா கூடும். மருந்தைத் தாங்கிய இறால் அமோனியாவைத் தாங்காது. அந்த வாரம் முழுவதும் இரையை நிறுத்தி, ஏர் பம்ப்பைக் கூடுதலாக ஓடவிடுவதும், அடியில் சேரும் கழிவைக் குழாயால் உறிஞ்சி எடுப்பதும் அவசியம்.

வெளிநாட்டு நிறுவனங்கள் பிளானேரியாவுக்கென்றே விற்கும் பொடியில் இருப்பது வேறொன்றுமில்லை, நம் வெற்றிலைப் பாக்குக் கடையில் கிடைக்கும் கொட்டைப் பாக்கின் சாறுதான். பாக்கிலுள்ள அரெக்கோலின் என்னும் பொருள் தட்டைப்புழுவின் நரம்பைத் தாக்குகிறது. நாய்களுக்கு நாடாப்புழு நீக்கவும் ஒரு காலத்தில் அதைக் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் ஒரு பாக்கைத் தட்டித் தொட்டியில் போட்டுவிடலாமே என்று தோன்றும். பாக்குக்குப் பாக்கு அரெக்கோலின் அளவு மாறும், சீவல் பொட்டலத்திலோ வாசனையும் இனிப்பும் கலந்திருக்கும். அளவு தெரியாத மருந்தைவிட அளவு தெரிந்த மாத்திரையே மேல் என்பது என் கருத்து.

ஹைட்ரா

ஹைட்ராவின் உயரம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு முனையால் கண்ணாடியிலோ இலையிலோ ஒட்டிக்கொண்டு, மறுமுனையில் மெல்லிய நீண்ட கைகளை நீரில் பரப்பி நிற்கும். தொட்டால் சட்டெனச் சுருங்கி ஒரு பொட்டாகிவிடும். உடலுக்குள் பாசியைக் குடிவைத்துக்கொண்ட வகை பச்சையாகவும் மற்றவை வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருக்கும். கைகளில் உள்ள கொட்டும் உயிரணுக்களால் நீரில் மிதந்து வரும் இரையைச் செயலிழக்கச் செய்து விழுங்கிவிடும். வளர்ந்த இறாலுக்கு அதனால் ஆபத்தில்லை. பிறந்து சில நாளே ஆன குஞ்சு அந்தக் கைகளில் பட்டால் தப்புவது அரிது.

இதையும் துண்டாக்கக் கூடாது. 1740களில் ஆபிரகாம் டிரெம்ப்ளி என்னும் இயற்கை ஆய்வாளர் ஹைட்ராவை வெட்டி வெட்டிப் பார்த்து, ஒவ்வொரு துண்டும் முழு உயிராக வளர்வதை ஐரோப்பிய அறிஞர்களுக்குக் காட்டினார். அது விலங்கா தாவரமா என்ற விவாதமே அப்போது எழுந்தது. நம் தொட்டியில் அந்தச் சோதனையை மறுபடி செய்து பார்க்க வேண்டியதில்லை. ஊசி கழற்றிய சிரிஞ்சை அதன் அடிப்பகுதிக்கு அருகே கொண்டுபோய், ஒட்டிய இடத்தோடு சேர்த்து உறிஞ்சி எடுத்துவிடலாம். எண்ணிக்கை மிகுந்தால் மேலே சொன்ன ஃபென்பென்டசோலே இதற்கும் வேலை செய்யும். ஆனால் ஹைட்ரா பெருகியிருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். ஆர்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சு, மாவாக அரைத்த இரை போன்றவற்றை இறால் குஞ்சுகளுக்கென்று போட்டுக்கொண்டிருந்தால், அதை உண்மையில் சாப்பிடுவது யார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

தட்டானின் குஞ்சு

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பும் பின்பும் மாதவரம், புழல் ஏரிக்கரைப் பக்கம் தட்டான்கள் கூட்டமாகப் பறப்பதை யாரும் பார்த்திருக்கலாம். தட்டானின் குஞ்சுப் பருவம் முழுவதும் நீருக்குள்தான். அது நீரில் உள்ள மிகக் கொடிய வேட்டைக்காரர்களில் ஒன்று. அதன் கீழ்உதடு மடக்கிவைத்த கையைப் போல் முகத்துக்கு அடியில் இருக்கும். இரை அருகே வந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் அது நீண்டு பிடித்து இழுத்துக்கொள்ளும். முழு வளர்ச்சியடைந்த இறாலையே நாளொன்றுக்கு ஒன்றிரண்டு வீதம் தின்று தீர்க்கும் உயிர், நான் சொல்லும் பட்டியலில் இது ஒன்றுதான்.

ஊசித்தட்டானின் குஞ்சு ஒல்லியாக இருக்கும். வால் முனையில் இலை போன்ற மூன்று செவுள்கள் விரிந்திருக்கும். பெரிய தட்டானின் குஞ்சு தடித்துக் குட்டையாக, சிலந்தி போன்ற கால்களோடு மண்ணின் நிறத்திலேயே இருக்கும். வாலில் செவுள் இருக்காது. ஊசித்தட்டான்கள் தம் முட்டைகளைச் செடியின் தண்டைக் கீறி உள்ளே வைத்துவிடுவதால், செடியைக் குழாய்த் தண்ணீரில் அலசுவதால் மட்டும் அவை போய்விடாது. சில தட்டான் இனங்களில் முட்டையிலிருந்து சிறகு முளைக்கும் வரையிலான வளர்ச்சி ஏறத்தாழ 6 வாரங்களிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குள் ஒரு சிறு தொட்டியை அது காலி செய்துவிடும்.

இது இறாலுக்கு நெருங்கிய உறவு என்பதால் மருந்துக்கு இங்கே வேலையில்லை. கைதான் மருந்து. இறால் எண்ணிக்கை காரணமின்றிக் குறைந்துகொண்டே போய், செத்த உடலும் கிடைக்கவில்லை என்றால், இரவில் டார்ச்சோடு செடித் தண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, சிறு வலையாலோ நீண்ட இடுக்கியாலோ பிடித்து வெளியே எடுக்க வேண்டும். ஒன்று கிடைத்தால் இன்னொன்றும் இருக்கும் என்றே கொள்க. ஒரே தண்டில் பல முட்டைகள் இடப்படுகின்றன. மாடித் தொட்டிகளுக்குக் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டிவிடுவது இந்தத் தொல்லையை வாசலிலேயே நிறுத்தும்; கூடவே கொசுப் புழுவும் வராது.

விட்டுவிடலாம் என்னும் வரிசை

தொட்டியில் தென்படும் மற்றவை பெரும்பாலும் தீங்கற்றவை. மண்ணிலிருந்து நெளிந்து வெளிவரும் மெல்லிய வெள்ளை நூல் புழு, மண்புழுவின் உறவான வளைதசைப் புழு. அது கழிவைத் தின்று வாழ்கிறது. உருண்டை ஓட்டுக்குள் இருந்துகொண்டு தத்தளித்து நீந்தும் புள்ளி ஆஸ்ட்ரகோட். வெட்டி வெட்டித் துள்ளும் புள்ளி கோப்பிபாட். இரண்டும் இறாலின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் எனலாம். கோப்பிபாட் வகைகளில் ஒன்றான சைக்ளாப்ஸின் வாலருகே இரண்டு முட்டைப் பைகள் தொங்குவதைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். படிக்கிணற்று நீரில் இருந்த இந்தச் சைக்ளாப்ஸ் வழியாகத்தான் நரம்புச் சிலந்தி நோய் ஒரு காலத்தில் இந்தியாவில் பரவியது; 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்துவிட்டதால், தொட்டியில் அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

புழுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மண்ணைவிட்டு வெளியேறிக் கண்ணாடியில் மேலேறினால் மட்டும் கவனிக்க வேண்டும். மண்ணில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். மே மாத வெயிலில் தொட்டி நீர் 32 டிகிரியைத் தாண்டும்போதும், மின்சாரம் நின்று பில்டர் ஓடாதபோதும் இது நிகழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது நினைவிருக்கும். பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது அத்தகைய நாட்களுக்கு உதவும்.

நத்தையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தானே வந்து சேரும் சிறு நத்தைகள் அழுகிய இலையையும் மிஞ்சிய இரையையும் தின்னும், இறாலைத் தொடாது. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் இரவில் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டுவைத்துக் காலையில் மொய்த்திருக்கும் நத்தைகளோடு எடுத்துவிடலாம்.

இறாலின் உடம்பிலேயே தெரியும் சிலவற்றையும் அறிந்திருக்க வேண்டும். முகத்தின் முன்முனையில் வெள்ளை முடிகள் குத்திட்டு அசைந்தால் அது ஸ்கூடாரியெல்லா என்னும் ஒட்டுண்ணி. ஒரு டம்ளர் தொட்டி நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்த இறாலை அரை நிமிடம் மட்டும் விட்டெடுத்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வயிற்றடியில், நீந்தும் கால்களுக்கு இடையே பச்சையாகவோ மஞ்சளாகவோ பஞ்சு திரண்டிருந்தால் அது முட்டையல்ல. முட்டைகள் தனித்தனி உருண்டைகளாகத் தெரியும், இது நார்நாராகத் தெரியும். இதற்கு நம்பத்தக்க சிகிச்சை இல்லாததால் அந்த இறாலை உடனே பிரித்துவிடுவதே வழி. கண்ணாடி போன்ற வெற்று ஓடு மண்ணில் கிடந்தால் அது உரித்த தோல். இறாலே அதைத் தின்றுவிடும், எடுக்க வேண்டாம்.

இரையின் கணக்கு

தீங்கற்ற உயிர்களின் எண்ணிக்கை, நாம் போடும் இரையின் மிச்சத்தைக் காட்டும் கணக்கு. அவற்றைக் கொன்று குறைக்க முடியாது; மிச்சம் இருக்கும்வரை மீண்டும் வரும். பத்துப் பதினைந்து இறால் உள்ள செடித் தொட்டியில், இலைகளிலும் கற்களிலும் படியும் பாசிப் படலமே அவற்றின் முதன்மை உணவு. வெளியிலிருந்து போடும் இரை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மிளகளவு போதும். இரண்டு மணி நேரத்தில் தின்று முடிக்காததை எடுத்துவிட வேண்டும். சிறு கண்ணாடித் தட்டு ஒன்றின் மேல் இரையைப் போட்டால் மிச்சத்தை அப்படியே தூக்கிவிடலாம். காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலையை, நம் தெருக்களில் பாதாம் மரம் என்று சொல்கிறோமே அந்த மரத்தின் இலையை, நன்றாகக் கழுவிப் போட்டுவைத்தால் இறால் வாரக்கணக்கில் அதை மேய்ந்துகொண்டிருக்கும். சாலையோரப் புகை படிந்த இலை வேண்டாம். சந்தையில் வாங்கும் கீரையில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், வீட்டில் வளர்த்த முருங்கைக்கீரையாக இருந்தாலன்றி நான் போடுவதில்லை.

கொசு மருந்து

வடசென்னையில் இறால் வளர்ப்பவர் பிளானேரியாவுக்கு அஞ்சுவதைவிடக் கொசு மருந்துக்கு அஞ்ச வேண்டும். சுருளிலும், மின்சாரத்தில் செருகும் திரவப் புட்டியிலும், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயிலும் இருப்பவை பெரும்பாலும் பைரித்ராய்டு வகை நஞ்சுகள். மனிதருக்கும் நாய்க்கும் குறைந்த தீங்கு செய்யும் இவை, இறாலுக்கு மிகச் சிறிய அளவிலேயே கொல்லும் நஞ்சு. ஏர் பம்ப் அறையின் காற்றை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் அனுப்புவதால், சுருள் எரியும் அறையில் தொட்டி வைப்பது ஆபத்து. இறால்கள் கட்டுப்பாடின்றிச் சுழன்று நீந்தி, பக்கவாட்டில் விழுந்து கால்களை உதறினால் நஞ்சு என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். புழு கடித்து இறால் அப்படித் துடிக்காது. தெருவில் புகை மருந்து அடிக்க வரும் நேரத்தில் ஜன்னலை மூடி, தொட்டியின் மேல் ஈரத்துணி போர்த்தி, பம்ப்பை அரை மணி நேரம் நிறுத்திவைக்கலாம்.

கிணற்றிலும் தொட்டியிலும் கொசுப் புழுவை அழிக்கத் தெளிக்கும் டெமிபாஸ் மருந்தும் இறாலுக்கு நஞ்சுதான். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால், இது இறால் தொட்டி, கொசுப் புழு இல்லை என்று காட்டி, மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பில்டரின் நீரோட்டத்தால் மேற்பரப்பு அசைந்துகொண்டிருக்கும் தொட்டியைக் கொசு அவ்வளவாக நாடுவதில்லை. மருந்து விழுந்த கிணற்று நீரை இறால் தொட்டிக்கு எடுக்கக் கூடாது.

செடியைச் சுத்தம் செய்தல்

வந்த பின் ஒழிப்பதைக் காட்டிலும் வாசலில் தடுப்பது எளிது. திசு வளர்ப்பு முறையில் மூடிய கப்பில் வரும் செடிகளில் எந்த உயிரும் இருக்காது. விலை கூடுதலானாலும் முதல் தொட்டிக்கு இதையே சொல்வேன். வெளித் தொட்டியில் வளர்ந்த செடியை வாங்கினால், வேரிலுள்ள பஞ்சையும் ஈயக் கம்பியையும் நீக்கி, பழுத்த இலைகளைக் கிள்ளிவிட்டு, வாயு நிறைந்த வெறும் சோடாவில் ஊறவைப்பது நல்ல முறை. பெட்டிக்கடையில் உப்பு, எலுமிச்சை எதுவும் சேர்க்காத சோடாவாகக் கேட்டு வாங்கி, செடி முழுவதும் மூழ்கும்படி ஒரு டப்பாவில் ஊற்றி மூடி, இருட்டில் வைத்தால், அந்த நீரில் ஆக்சிஜன் இல்லாமல் பல உயிர்கள் மூச்சடைத்துச் சாகும். ஜாவா மாஸ் போன்ற மென்மையான செடிகளும் இதைத் தாங்குகின்றன. ப்ளீச்சிங் திரவத்தை ஒரு பங்குக்கு இருபது பங்கு நீர் என்று கலந்து இரண்டு நிமிடம் முக்கும் முறை இன்னும் வலுவானது. அனுபியாஸ் போன்ற தடித்த இலைச் செடிக்கு அது பொருந்தும், மாஸ் கருகிவிடும். ப்ளீச்சில் முக்கியதை ஆன்டி குளோரின் கலந்த நீரில் நன்றாக அலசியே பயன்படுத்த வேண்டும்.

எதைச் செய்தாலும் செடியை உடனே இறால் தொட்டிக்குள் நட வேண்டாம். வெளிச்சம் படும் இடத்தில் ஒரு பக்கெட்டில் இரண்டு மூன்று வாரம் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை முழுவதும் மாற்ற வேண்டும். தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்துக் கண்ணில் படும். பண்ணையில் செடிக்கு அடித்த பூச்சிமருந்து எச்சமும் கரைந்து போகும். பயிர்ப் பூச்சி மருந்து படிந்த செடியால் முழுத் தொட்டியும் செத்துப்போவது, தட்டான் குஞ்சைவிட அடிக்கடி நடக்கும் இழப்பு. பக்கெட் காலம் முடிந்ததும் அதே நீரில் ஒன்றிரண்டு மலிவான இறாலை ஒரு நாள் விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு.

பிடித்தெடுத்த நத்தையையும் புழுவையும் கழித்துக்கட்டும் இடமும் முக்கியம். ஓட்டேரி நல்லா ஓடையிலோ, கொடுங்கையூர் கால்வாயிலோ, புழல் ஏரியிலோ கொட்ட வேண்டாம். வெளிநாட்டு நத்தைகளும் செடிகளும் நம் நீர்நிலைகளில் குடியேற அதுவே வழியாகிவிடும். கொதிக்கும் நீரை ஊற்றிவிட்டு, ஆறியதும் மாடியில் இருக்கும் பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிடலாம். மருந்து போட்ட தொட்டியிலிருந்து மாற்றும் நீரையும் மழைநீர் வடிகாலில் விடாமல், சமைக்காத செடிகளுக்கு, அதாவது பூச்செடிகளுக்கு மட்டும், ஊற்றுவது நல்லது.